சிறுவாடு விரிந்த ஊர்

ஓடைப்புதூரில் பழைய ரூபாய் நோட்டுகள் விரிய ஆரம்பித்தது எங்கள் வீட்டு அரிசி டிரம்மில் இருந்துதான். உலைக்கு அரிசி அள்ளப் போன நான் பார்க்கப் பார்க்க, டிரம்மின் மூடி தானாக எழும்பி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, உள்ளேயிருந்து பச்சை நிறத்தில் என்னவோ பொங்கின சோறு மாதிரி வழிந்து வந்தது, இழுத்தேன், இழுக்க இழுக்க வந்தது, கடைசியில் வாசல் திரை அளவுக்கு ஒரு அஞ்சு ரூபாய் நோட்டு, அதில் டிராக்டர் ஓட்டுகிற ஆள் நிஜ ஆள் உயரத்துக்கு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் கையிலிருந்த படியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டேன், முன்னே பின்னே தெரியாத ஆம்பளை இல்லையா.

என் மாமியார் குருவம்மாள் ஓடி வந்து நோட்டை என் கையிலிருந்து பிடுங்கி மார்போடு சுருட்டிக்கொண்டார். அதற்குள் மாமனார் பார்த்துவிட்டார்.

"இது எப்ப இருந்து இங்க கெடக்கு?"

"நீங்க பீடி குடிக்கப் பழகுறதுக்கு முந்தி இருந்து."

"எனக்குத் தெரியாம?"

"தெரிஞ்சிருந்தா கெடக்குமா?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊரில் முக்கால்வாசி வீடுகளில் இதே பேச்சு நடந்தது, ஏனென்றால் சீரக டப்பாவிலும், சாமி படத்துக்குப் பின்னாலும், பழைய தலையணை உறைக்குள்ளும், கூரை மூங்கிலின் ஓட்டையிலும் பெண்கள் புருஷனுக்குத் தெரியாமல் ஒளித்து, ஒளித்த இடத்தைத் தாங்களே மறந்துபோன சிறுவாட்டுக் காசெல்லாம் ஒரே நாளில் விரிந்து, டப்பாவை உடைத்து, படத்தைத் தள்ளி, தலையணையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஆம்பளைகள் வாசலில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்க வீட்டுல மூணு பத்து" என்று ஒருவர் மெதுவாகச் சொல்ல, "எங்க வீட்டுல நாலு. அதுவும் நான் வட்டிக்கு வாங்கிக் கஷ்டப்பட்ட வருஷத்து நோட்டு" என்று இன்னொருவர் சொன்னார்.

எப்படி, எதனால் என்று யாரும் ரொம்ப நாள் யோசிக்கவில்லை. நோட்டு எந்த வருஷத்ததோ, அந்த வருஷத்தில் அது என்னென்ன வாங்கியிருக்குமோ, அந்த அளவுக்கு விரிகிறது, அவ்வளவுதான். இந்த வருஷத்து நோட்டு எப்போதும் போலக் கைக்குள் அடங்கிக் கிடந்தது. பழைய ரெண்டு ரூபாய் தோளில் போடுகிற துண்டு அளவு, அஞ்சு ரூபாய் வாசல் திரை, பத்து ரூபாய் ஒரு முழுச் சீலை, அதில் ரெண்டு மயில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். ஓடைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும்வரைதான் இதெல்லாம். பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோனால் காற்றுப் போன பலூன் மாதிரி பழைய அளவுக்கே வந்துவிடும். அதனால் பஸ்காரர்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, "பழைய நோட்டு வச்சிருக்கவங்கெல்லாம் எறங்கி நடந்து வாங்க, உள்ள விரிஞ்சுச்சுன்னா மத்தவங்களுக்கு மூச்சு முட்டும்" என்று கண்டக்டர் குரல் கொடுப்பார், இறங்குகிறவர்களும் இறங்கி நடப்பார்கள்.

இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், நோட்டு விரிந்ததே தவிர அதன் செல்லுபடி விரியவில்லை. சீலை அளவு நோட்டை ரெண்டு பேர் பிடித்துக்கொண்டு டீக்கடைக்குப் போனால், டீக்கடைக்காரர் அதில் போட்டிருக்கிற எண்ணை மட்டும் பார்த்து, "பத்து ரூவாய்க்கு மூணு டீ. அது சீலையா இருந்தா என்ன, ஜமுக்காளமா இருந்தா என்ன" என்று சொல்லிவிட்டார். பாங்கிலிருந்து ஒரு சார் வந்து அளந்து பார்த்தார், அவரும் அதையேதான் சொன்னார், சொல்லிவிட்டு மயிலோடு நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

கொஞ்ச நாளில் எங்கள் ஊர்ப் பெண்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பணமாக இருந்தால் மூணு டீ, துணியாக இருந்தால் ஆறு கஜம். அப்புறம் யார் அதைப் பணமாக வைத்திருப்பார்கள்? வெந்நீரில் சீயக்காய் போட்டு அலசினார்கள், நிழலில் உலர்த்தினார்கள், பிறகு அஞ்சு ரூபாய்கள் ஜன்னலுக்குப் போயின, ரெண்டு ரூபாய்கள் ஆம்பளைகள் தோளுக்குப் போயின, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் பானை வைத்த இடத்துக்கு ஒரு இருபது ரூபாய் நோட்டு நிழலாகப் போனது. என் மாமியாருக்கு அஞ்சரைப் பெட்டிக்கு அடியிலிருந்து வந்த பத்து ரூபாயில் நான் என் மகள் அபிநயாவுக்குத் தூளி கட்டினேன். பெருங்காய வாசம் போகவே இல்லை. மயில் ரெண்டும் அவள் முதுகுக்குக் கீழே மடிந்து கிடக்க, அவள் நாள் முழுக்கத் தூங்கினாள்.

இன்னொன்றும் நடந்தது. "எங்க காலத்துல ரெண்டு ரூவாய்க்கு" என்று பெரியவர்கள் ஆரம்பித்தால் எழுந்து போகிறவர்கள், இப்போது உட்கார்ந்து கேட்டார்கள், கேட்டுவிட்டு, "சரி, விரிச்சுக் காட்டுங்க" என்றார்கள். சின்னாண்டி மாமா ரெண்டு ரூபாய்க்கு ஆட்டுக்கறியும் வாங்கி, சினிமாவும் பார்த்து, மிச்சத்தில் செருப்பும் எடுத்த கதையை ஊரில் கேட்காதவர் கிடையாது. அவருடைய ரெண்டு ரூபாய் துண்டுக்கு மேல் ஒரு விரல்கூட விரியவில்லை. "மாமா, ஒங்க பொய்யி இதவிட ரெண்டு முழம் ஜாஸ்தி" என்று இளவட்டங்கள் சிரிக்க, அவர், "செருப்பு வேணா வேற வருஷமா இருக்கும்" என்று ஒத்துக்கொண்டார்.

பெரிய வீடுகளில் மட்டும் எதுவுமே விரியவில்லை. முதலில் எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது, அம்புட்டுப் பணம் இருக்கிற வீட்டில் ஒரு பழைய நோட்டு இல்லாமலா போகும் என்று. அப்புறம்தான் புரிந்தது, அவர்கள் நோட்டை நோட்டாக வைத்திருக்கவே இல்லை, அன்றைக்கன்றைக்கே அதைத் தோட்டமாகவும் கிணறாகவும் நகையாகவும் மாற்றிவிட்டார்கள், அதெல்லாம் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தானாகவே விரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நோட்டை நோட்டாகவே வைத்து, அது உள்ளுக்குள் கரைவது தெரியாமல் விளக்கு வைத்துக் கும்பிட்டவர்கள் நாங்கள்தான். அதனால் எங்கள் தெருவில் கொடி கட்டின மாதிரி வாசலுக்கு வாசல் நோட்டு ஆடியது. பெரிய வீடுகள் இருக்கிற வடக்குத் தெருவுக்காரர்கள் நடந்து போகும்போது அண்ணாந்து பார்த்தார்கள்.

ஆனால் பழைய நூறு ரூபாய் நோட்டு எவ்வளவு விரியும் என்று மட்டும் ஊரில் யாருக்கும் தெரியவில்லை. எங்கள் ஆட்கள் யாரிடமும் பழைய நூறு இல்லை. நூறு ரூபாயை மாற்றாமல் வைத்திருக்க எந்தக் காலத்தில் யாருக்கு முடிந்தது?

எனக்குத் தெரிந்து ஒரே ஒருத்திக்கு முடிந்தது. அது என் அம்மா வெள்ளைத்தாய்.

நான் வயிற்றில் இருக்கும்போதே அப்பா போய்விட்டார். அம்மா, நான் பிறந்த ஊரான கல்லூத்தில் சுண்ணாம்புக் காளவாயில் கல் அள்ளினாள், நாள் கூலி நாலு ரூபாய். நான் பெண்ணாய்ப் பிறந்ததும் குலசாமியிடம் வேண்டிக்கொண்டு ஒரு துணியை மஞ்சளில் நனைத்துக் காயவைத்து, அதில் பணத்தை முடிய ஆரம்பித்தாள். சில்லறையாகச் சேர்த்து நூறானதும் நோட்டாக மாற்றுவாள். அப்படிப் பத்து நோட்டு சேர்ந்தபோது எனக்கு இன்னும் பால் பல் விழவில்லை. அன்றைக்கு ஆயிரம் ரூபாய் ஒரு பவுனுக்குப் பக்கத்தில் நின்றது. பிள்ளைக்குத் தாலிக்கொடி ஆச்சு என்று அம்மா முடிச்சை இறுக்கிச் சாமி முன்னால் வைத்தாள். சாமிக்கு முடிந்ததை இடையில் அவிழ்க்கக் கூடாது, எண்ணிக்கூடப் பார்க்கக் கூடாது. அம்மா அவிழ்க்கவில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் அவிழ்க்கவில்லை, கூரை பறந்தபோதும் அவிழ்க்கவில்லை.

என் நிச்சயத்தன்றைக்குத்தான் அவிழ்த்தாள், எல்லார் முன்னாலும், பெருமையாக. "ஒரு பவுனுக்கு இருக்கு சம்பந்தி, நீங்களே எடுத்துருங்க" என்று தாம்பாளத்தில் வைத்தாள். அன்றைக்கு ஒரு பவுன் ஏழாயிரத்தைத் தொட்டிருந்தது. காளவாயிலேயே கிடந்தவளுக்கு அதை யார் சொன்னார்கள்? என் நாத்தனார் செல்லக்கிளிதான் முதலில் சிரித்தாள். மாமியார் தாம்பாளத்தை மெல்ல அம்மா பக்கம் நகர்த்தி, "இத நீங்களே வச்சுக்கங்க, ஒங்களுக்கு ஆகும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் அதிகமாகச் சுட்டது. அம்மா பத்து நோட்டையும் திரும்ப மஞ்சள் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கல்யாணம் முடிந்த பிறகு என் தெருவில் அவள் கால் வைக்கவில்லை. செல்லக்கிளி மதினி எனக்கு ஒரு பேர் வைத்தாள். "ஏ ஆயிரம், தண்ணி கொண்டா. ஏ ஆயிரம், மாவு புளிச்சிருச்சா பாரு." நான் பேசத் தெரியாதவள், ஆயிரம் என்று கூப்பிட்டால் என்ன என்று கேட்டுக்கொண்டே போவேன்.

நோட்டு விரிகிற ஊரில் அபிக்குக் காதுகுத்து வைத்தார்கள். காதுகுத்து என்றால் தாய்மாமன் வேண்டும், சீர் கொண்டு வர வேண்டும், பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்குக் கூடப்பிறந்தவன் இல்லை.

"பொறந்த வீட்டுல இருந்து யாரும் வரலைன்னா, எங்க வீட்டுக்காரர் தம்பிய ஒக்கார வச்சுருவோம். அதோட கல்லூத்துக்கும் நமக்கும் பேச்சு முடிஞ்சது" என்றாள் மதினி. மாமியார் மறுத்துப் பேசவில்லை. ஒருதடவை வேறொருத்தர் மடியில் பிள்ளை உட்கார்ந்துவிட்டால் அப்புறம் எல்லா விசேஷத்துக்கும் அவர்தான், அம்மா வர வேண்டிய வாசல் அதோடு அடைபட்டுப் போகும். அது எனக்குத் தெரியும், மதினிக்கும் தெரியும்.

நான் வெற்றிலை பாக்கோடு கல்லூத்துக்குப் போனேன். அம்மா வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எதத் தூக்கிக்கிட்டு வரச் சொல்ற? அந்த ஆயிரத்தையா?"

"ஆமாம்மா. எங்க ஊர்ல பழைய நோட்டெல்லாம் விரியுதும்மா."

அம்மா சிரித்தாள். "விரியுதா? எனக்குத் தெரிஞ்சு நோட்டு சுருங்கத்தான் செஞ்சிருக்கு. நான் கண்ணால பாத்தேன், ஒன் நிச்சயத்தன்னைக்கு."

"நீ வாம்மா. நீ வந்து மட்டும் நில்லு."

"ஒன்ன இன்னொருக்க தலைகுனிய வைக்கவா?"

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தாள். நான் பஸ் ஏறிவிட்டேன்.

காதுகுத்தன்றைக்கு வெயில் ஏறிவிட்டது, ஆசாரி வந்துவிட்டார், பந்தலுக்குத் தென்னங்கீற்று போதாமல் பாதித் தெரு காய்ந்துகொண்டிருந்தது, மைக்செட் பாண்டி வந்த சீரையெல்லாம் ஒவ்வொன்றாகக் கூவிக்கொண்டிருந்தான். மதினி தன் கொழுந்தனை வேட்டி மாற்றிக்கொண்டு தயாராக இருக்கச் சொல்லியிருந்தாள். நேரமாகுது, நேரமாகுது என்று நாலு பேர் சொல்ல ஆரம்பித்தபோது, பாலத்துப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. திருவிழாவில் தேர் நிலையைவிட்டு நகரும்போது வருமே, அந்த மாதிரிச் சத்தம்.

நான் வாசலுக்கு வந்து பார்த்தேன். கண்டக்டர் இறக்கிவிட்டிருக்க வேண்டும், அம்மா பாலத்தின்மேல் தனியாக நடந்து வந்துகொண்டிருந்தாள், கையில் ஒரு தூக்குவாளி, இடுப்பில் மஞ்சள் முடிச்சு. பாலத்தின் நடுவைத் தாண்டியதும் முடிச்சு தானாக அவிழ்ந்தது. முதல் நோட்டு அவள் இடுப்பிலிருந்து சரிந்து, தரையில் விழுந்து, விழுந்த இடத்தில் நிற்காமல் பாலத்தின் இந்தக் கைப்பிடிக்கும் அந்தக் கைப்பிடிக்கும் விரிந்து, அதற்குமேலும் விரிந்து, கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஓடைக்குள் தொங்கியது, துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நனையாமல் அதன் ஓரத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்கள், அதற்குள் ரெண்டாவது விழுந்தது, மூணாவது விழுந்தது, அதன்மேல் இருந்த சிங்கங்கள் நிஜச் சிங்கத்தைவிடப் பெரிதாக வாய் திறந்து நிமிர்ந்தன, ஓடைக்காற்று அடியில் புகுந்து தூக்கியது, டீக்கடைக்காரர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி ஒரு முனையைப் பிடித்தார், சின்னாண்டி மாமா ஒரு முனையைப் பிடித்தார், வடக்குத் தெருவுக்காரர்களும் பிடித்தார்கள், பிடிக்க ஆள் போதாமல் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள்.

அம்மா மட்டும் திரும்பவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, பின்னால் எழுந்த அத்தனை சத்தத்தையும் தன்னைக் கேலி பண்ணுகிற சத்தம் என்று நினைத்து, தூக்குவாளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வேக வேகமாக நடந்து வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. பெரியவர்கள் நிற்கிற தெருவில் நான் அதுவரை சத்தமாகப் பேசினதில்லை. அன்றைக்கு அபியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் ஓடினேன்.

"அம்மா! திரும்பிப் பாரு!"

"வேணாம்டி. வா போயிருவோம்."

"அம்மா, ஒரே ஒருக்கா. எனக்காகப் பாரு."

அவள் திரும்பினாள். பாலம் தெரியவில்லை. ஓடை தெரியவில்லை. அவள் நடந்து வந்த வழி முழுக்க அவளுடைய நோட்டு கிடந்தது, அதைத் தரையில் படாமல் ஊரே ஏந்திக்கொண்டு நின்றது. அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் சுண்ணாம்பில் வெந்து தடித்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இம்புட்டா சேத்தேன்?" என்றாள்.

"இம்புட்டும்மா."

பத்து நோட்டையும் வீட்டுக் கூரைக்குக் கூரை இழுத்துக் கட்டினார்கள். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிழல் விழுந்தது, வெயில் அந்த நோட்டு வழியாக ஊறி எல்லார் முகத்திலும் லேசான நீலமாகப் பட்டது. ஆசாரி ஊசியைச் சுட்டுக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். பாண்டி மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தான்.

"தாய்மாமன் சீரு என்னன்னு கூவ?"

"ஆயிரம் ரூவான்னு கூவு" என்றாள் மதினி. "எம்புட்டு விரிஞ்சா என்ன, செல்லுறது அம்புட்டுத்தான?"

அம்மா தலை மறுபடி குனிய ஆரம்பித்தது. அது முழுசாகக் குனிவதற்குள் நான் பாண்டி கையிலிருந்து மைக்கை வாங்கிவிட்டேன். எப்படி வாங்கினேன் என்று எனக்கே தெரியாது. என் மூச்சுச் சத்தம் கூம்பு ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டது, அதைக் கேட்டு எனக்கே பயமாக இருந்தது.

"ஆயிரம் ரூவாதான்" என்றேன். "மதினி சொல்றது சரிதான். எங்கம்மா வெள்ளைத்தாய் நாலு ரூவா கூலிக்குக் காளவாயில கல்லு அள்ளி, எனக்காகச் சேத்த ஆயிரம் ரூவா. அது எம்புட்டுன்னு தெரியாதவங்க அண்ணாந்து பாத்துக்கங்க."

மைக்கைப் பாண்டியிடம் கொடுத்துவிட்டேன். மதினியும் அண்ணாந்து பார்த்தாள், நான் பார்த்தேன்.

மதினியின் கொழுந்தன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு மணைப்பலகை பக்கம் வந்து, அங்கேயே நின்றான். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என் மாமியார் குருவம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "நீ தள்ளு தம்பி" என்றார். அம்மா கையைப் பிடித்தார். "சம்பந்தி, வந்து ஒக்காருங்க."

"நான் எப்படிம்மா, பொம்பள. தாய்மாமன் ஒக்கார்ற எடத்துல..."

"இம்புட்டுச் சீரு கொண்டு வந்த தாய்மாமன இந்த ஊரு இன்னும் பாக்கல" என்றார் மாமியார். "நான் அன்னைக்குத் தாம்பாளத்தத் தள்ளினது தப்பு. ஒக்காருங்க."

சின்னாண்டி மாமா, "ஆமா, ஒக்காரட்டும்" என்று முதலில் சொன்னார், அதன் பிறகு எல்லாரும் சொன்னார்கள். எங்கள் ஊரில் அதுவரை ஒரு பெண் அந்தப் பலகையில் உட்கார்ந்தது கிடையாது. அதற்குப் பிறகு அண்ணன் தம்பி இல்லாத எத்தனையோ பேருடைய அம்மாக்கள் உட்கார்ந்துவிட்டார்கள், இப்போது யாரும் அதை ஒரு பேச்சாகவே எடுப்பதில்லை. ஆனால் முதலில் உட்கார்ந்தவள் என் அம்மா. அபியை மடியில் வாங்கி, தலையைத் தன் மார்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். ஆசாரி குத்தினார். அபி தெருவே அதிரக் கத்தினாள், அம்மா வாளியிலிருந்த அதிரசத்தைப் பிட்டு அவள் வாயில் வைத்தாள்.

முதல் பந்தியில் முதல் இலை அம்மாவுக்குப் போட்டார்கள். நூறு ரூபாய் நிழலில், முதுகை நேராக வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் சாப்பிட்டாள். மதினிதான் பாயச வாளியோடு வந்தாள். முகத்தைப் பார்க்காமல் ஒரு கரண்டி ஊற்றினாள்.

"போதுமா அத்தை?" என்றாள்.

"போதாதுத்தா" என்றாள் அம்மா, அந்தக் கடைசி இலைக்கும் கேட்கிற குரலில். "இன்னும் ஊத்து."

மதினி குனிந்து ஊற்றினாள்.